குளச்சலிலிருந்து வந்த மரம்

குளச்சலிலிருந்து கட்டுமரம் வந்து இறங்கிய அன்று சொர்ணம்மாள் கஞ்சி குடிக்கவில்லை. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்து, வெடித்து, அடிப்பிடித்துக் கருகிய நாற்றம் காயல் கரை வரைக்கும் வந்தது. அவள் போய் இறக்கி வைக்கவில்லை. தென்னைமூட்டில் இடுப்பில் கை ஊன்றி நின்றுகொண்டு, மாட்டுவண்டியிலிருந்து தடிகளை உருட்டி இறக்கும் ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாலு தடி. நடுத்தடி ஒவ்வொன்றையும் மூன்று பேர் பிடித்தார்கள். மூன்று பேர் பிடித்து மூச்சு வாங்குகிற சாமானைத்தான் ஒற்றைப் பொம்பளை சேற்றில் தள்ளிக்கொண்டு போவாள் என்று வாங்கி வந்திருக்கிறார்கள்!

“எப்பிடி இருக்கு?” என்றான் குமாரதாஸ், அவள் புருஷன். முகம் முழுக்கச் சிரிப்பு. கோணிய இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “அசல் முருக்குத் தடி பாத்துக்க. ஆழக்கடலுக்குப் போயி வந்த மரமாக்கும்.”

“ஆழக்கடலுக்கு நானா போறேன்?”

“ஏட்டி, கடலையே தாங்கின மரம் இந்தக் காயலைத் தாங்காதா?”

“தாங்கும், தாங்கும். மரம் காயலைத் தாங்கும். மரத்தை யாரு தாங்குவா? நீரா?”

அவள் வாயில் ‘நீங்க’ போய் ‘நீரு’ வந்துவிட்டால் குமாரதாஸுக்குத் தெரியும், இனி மூன்று நாளைக்கு வீட்டில் சட்டிபானைகள்தான் பேசும். அவன் அண்ணன் பொன்னுலிங்கம் வண்டிக்காரனுக்கு வெற்றிலை கொடுப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோபம் மரத்தின் மேல் இல்லை. மரம் பாவம், கடலில் கிடக்க வேண்டியது. அவள் ஒரு மாதமாகச் சொன்னதில் ஒரு சொல்லாவது இந்த இரண்டு ஆண்களின் காதில் ஏறவில்லையே, அதுதான்.

கண்டல்விளைக் காயலைப் பழகாதவன் பார்த்தால் வெறும் வெள்ளப் பரப்பு. இறங்கினால்தான் தெரியும். பாதி இடத்தில் இடுப்பளவு, பாதி இடத்தில் முழங்காலளவு, எல்லா இடத்திலும் அடியில் சேறு. கண்டல் மரங்கள் வேரை விரித்து நிற்கும்; அந்த வேர்களுக்கு நடுவே குறுகலான ஓடைகள் வளைந்து வளைந்து போகும். காயல் கடலில் விழும் பொழிவாய் திறந்து கிடக்கும் மாதங்களில் கடல் ஏறினால் காயலும் ஏறும், கடல் இறங்கினால் இதுவும் இறங்கி, காலையில் வள்ளம் போன இடத்தில் மத்தியானம் கொக்கு நடக்கும். கடல் மண்ணைத் தள்ளிப் பொழியை அடைத்துவிட்டால் மழைவெள்ளம் வெளியே போக வழியில்லாமல் மேலே வயல் வரைக்கும் தேங்கும். அப்போது வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்து பொழியை வெட்டிவிடுவார்கள்.

ஓடைகளுக்கு அப்பால், கண்டல் காட்டின் நடுவில், சொர்ணம்மாளின் தகப்பன் கொடுத்த ஒரு திட்டு இருக்கிறது. அதன் ஓரத்தில் அவளுடைய கதம்பைக் குழி. தேங்காய் உரித்த கதம்பை மட்டையைக் கயிற்று வலையில் கட்டி, குழியில் தாழ்த்தி, மேலே சேறு அப்பி வைத்தால் பத்து மாதத்தில் அழுகிப் பதமாகும். எடுத்துத் தடியால் அடித்தால் பொன்போலத் தும்பு பிரியும், அதைத்தான் கயிறாகத் திரிப்பாள். குமாரதாஸ் பனை ஏறிய காலத்தில் இது கைச்செலவுக்கு. போன வருஷம் பங்குனியில் அவன் பனையிலிருந்து விழுந்து, இடுப்பு கோணி, இடதுகால் இழுக்கத் தொடங்கிய பிறகு வீட்டுக் கஞ்சி இதுதான். குழியில் இப்போது ஒன்பது வலை கதம்பை கிடந்தது. ஒன்பதும் பதமாகிவிட்டது. அடுத்த பத்து மாதத்துக்கு அந்த வீட்டுக்கு அதைவிட்டால் வேறு ஒன்றும் இல்லை.

இத்தனை வருஷமாகத் திட்டுக்குப் போக வர ததேயுஸின் வள்ளம் இருந்தது. அயனிப் பலகை, எட்டு முழ நீளம், தட்டை அடி, மூன்று இடத்தில் தகரம் வைத்து அடித்த ஒட்டு. பார்க்க ஒரு அழகும் இல்லை. ததேயுஸ் மலைத்தோட்டத்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று கிளம்பியபோது, “சொர்ணம், நீ எடுத்துக்க. உனக்குத்தான் இது பழகின வள்ளம்” என்றான். அவள் காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள். அந்த ‘கேளுங்க’வை எத்தனை தடவை சொன்னாளோ, கணக்கே இல்லை.

“கேளுங்க. ததேயுஸ் வள்ளம் கெடச்சா அதுதான். கெடைக்கலேன்னா, வேற நோக்கும்போது இதை மறக்கப்படாது. எட்டு முழத்துக்கு மேல போனா ஓடையில திரும்பாது. அடி தட்டையா இருக்கணும். ஒரு சாண் வெள்ளத்துலயும் மிதக்கணும். சேத்துல இருந்து போச்சுன்னா நான் ஒருத்தி தள்ளினா அனங்கணும். துடுப்பு வேண்டாம், சேத்துல துடுப்பு என்னத்துக்கு? கழுக்கோலுதான் வேணும். நான் கையை ஒசத்தினா எட்டுற அளவுக்கு மேல ஒரு முழம், அவ்வளவுதான். அடியில கவை வச்ச கோலு. கவை இல்லேன்னா கோலு சேத்துக்குள்ள குத்தி நிக்கும். நான் கோலைப் பிடிச்சிட்டுத் தொங்குவேன், வள்ளம் அது பாட்டுக்குப் போவும்.”

“ம்” என்றான் குமாரதாஸ்.

“என்ன ம்? சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க.”

“எட்டு முழம். தட்டை. கவை. போருமா?”

அன்று சாயங்காலம் பொன்னுலிங்கம் வந்தான். கருங்கல் சந்தையில் புளியும் மிளகாய் வற்றலும் வியாபாரம் செய்கிறவன், நாலு இடம் போய் வருகிறவன். தம்பி விழுந்த பிறகு அந்த வீட்டுக் காரியம் எல்லாவற்றிலும் அவன் ஒரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போவான்.

“ஏலே, ததேயுஸ் கழிச்சிப் போட்ட ஓட்ட வள்ளத்தையா வாங்கப் போற? நாளைக்கு ஊருல என்ன சொல்லுவான்? குமாரதாஸ் பனையில இருந்து விழுந்தான், இப்ப தகர வள்ளத்துல விழுந்தான்னு சொல்லுவான். எனக்குக் குளச்சல்ல ஆளு உண்டு. அசல் சாமானாட்டு வாங்கலாம்.”

“நானும் வாறேன்” என்றாள் சொர்ணம்மாள் அடுக்களையிலிருந்து.

“மரம் நோக்க பொம்பள வரப்படாது, சொர்ணம். கடக்கரையில விக்கிறவன் சம்மதிக்க மாட்டான்.”

“அத்தான், அதுல ஏறிப் போறது நானாக்கும். ஏறிப் பாக்காம எப்பிடி வாங்குவிய?”

“நாங்க ஏறிப் பாப்போம்லா?”

ஏறிப் பார்த்தார்கள். குளச்சல் கடலில், கரையிலிருந்து கூப்பிடு தூரம், ஆறடி உயரத்து மரக்காரன் ஒருவன் பின்னால் நின்று துழாவ, அண்ணனும் தம்பியும் நடுவில் உட்கார்ந்து போய் வந்தார்கள். அலை ஏறி இறங்கியதும் குமாரதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷமாக ஊரில் எல்லோரும் அவன் காலையே பார்த்துப் பேசினார்கள். அன்று கரையில் நின்றவர்கள் அவன் வாங்கப்போகும் மரத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு அது வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சொர்ணம்மாள் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு விட்டிருப்பாள். அவன் சொல்லவில்லை. பாம்படம் மரமாகிவிட்டது. பத்து முழ நடுத்தடி, ஆளுயரத்துக்குப் பலகைத் துடுப்பு, கழுக்கோல் கிடையாது.

தடிகளைக் கரையில் அடுக்கிக் கட்டும்போது குமாரதாஸ் விற்றவனிடம் கற்றுக்கொண்டு வந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “இது முன்கட்டு, இது பின்கட்டு. தெனமும் அவுத்துக் காயப்போடலாம், ஆனா ஆம்பளக் கைதான் அவுக்கணும். பொம்பளக் கை கட்டுல படப்படாதாம். கடல்ல ஆளு போன வீட்டுலதான் பொண்டாட்டி மரக்கட்டு அவுப்பாளாம். கேட்டியா சொர்ணம்? நான் செத்தாத்தான் நீ இதுல கை வைக்கணும்.”

“அந்தக் கயிறு யாரு திரிச்சதாம்?” என்று கேட்டாள் சொர்ணம்மாள்.

அவள் திரித்த கயிறுதான். அவன் முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

அந்த வாரமே குமாரதாஸ் ஊர் பார்க்க மரத்தில் ஏறி நின்று காட்டினான். இழுக்கிற காலோடு எத்தனை நேரம் நிற்க முடியும்? துடுப்பு ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக விழுந்தான். சிரித்தவர்களில் பொன்னுலிங்கமும் உண்டு. சொர்ணம்மாள் சிரிக்கவில்லை, சேற்றில் இறங்கி அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கும்போதே, “ததேயுஸ் வள்ளம் என்னாச்சு தெரியுமா? ராகேல் வீட்டுல வாங்கிட்டாவ” என்றாள். ராகேல் பக்கத்துக் குழிக்காரி, இவளோடு சேர்ந்து கதம்பை அடிக்கிறவள். குமாரதாஸ் வாயிலிருந்த சேற்றைத் துப்பினான்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. மலையில் பெய்த வெள்ளம் காயலுக்கு வந்து, பொழி அடைந்து கிடந்ததால் ஏறிக்கொண்டே இருந்தது. எப்போதும் பொழி வெட்டுவதற்கு மூன்று நாள் முன்னால் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். இந்தத் தடவை நடவு முங்கிப்போன அவசரத்தில் வயல்காரர்கள் முந்தின நாள் அந்தியில்தான் ஆள் விட்டார்கள். “நாளைக்கு உச்சிக்குப் பொழி வெட்டுதாவ! குழி வச்சிருக்கவிய பாத்துக்கிடுங்க!” என்று தமுக்கடித்தவன் கத்திக்கொண்டே போனான்.

பாத்துக்கிடுங்களாம்! பொழி வெட்டினால் காயல் முழுவதும் கடலைப் பார்த்து ஓடும். வருகிற இழுப்பில் மூடின சேறு கரைந்து, வலை பிய்ந்து, பத்து மாதக் கதம்பை கண் முன்னால் கடலுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும்.

விடிய மழை தூறிக்கொண்டிருந்தது. சொர்ணம்மாள் கருப்பட்டிக் காப்பியை நின்றபடி குடித்தாள். சேலையைத் தாறு பாய்ச்சிக் கட்டினாள். சிப்பி கிழிக்காமல் இருக்கக் கமுகம்பாளையைக் காலடியில் வைத்துத் துணியால் சுற்றிக்கொண்டாள். வாக்கத்தியை இடுப்பில் செருகினாள். மரத்தைத் தள்ளிவிட அண்ணனும் தம்பியும் வந்தார்கள்.

“நடுவுல நின்னு துழாவு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி” என்றான் குமாரதாஸ்.

“நீரு வாயை மூடும்.”

ஆழமான இடத்தில் மரம் போகத்தான் செய்தது. நாலு துழாவலுக்கு ஒரு முழம் போயிற்று. துடுப்பு அவள் தலைக்கு மேலே ஒரு கை நீண்டு நின்று, ஒவ்வொரு இழுப்புக்கும் தோளைப் பிடுங்கியது. முதல் ஓடையிலேயே மரத்தின் மூக்கு ஒரு பக்கத்து வேரிலும் வால் மறுபக்கத்து வேரிலும் மாட்டிக்கொண்டது. இறங்கி, கழுத்தளவு வெள்ளத்தில் நின்று, வாக்கத்தியால் வேரை வெட்டி வெட்டித் திருப்பினாள். எட்டு முழம், எட்டு முழம் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் ராகேல் கவைக்கோலைக் குத்தி, ததேயுஸின் தகர வள்ளத்தில் கதம்பை ஏற்றிக்கொண்டு சர்ரென்று கடந்து போனாள்.

“எக்கா, எனக்க குழியை முடிச்சிட்டு வாறேன். நீ எடுத்துப் போடு” என்றாள் ராகேல்.

“நீ போ மக்கா. உன் குழியைப் பாரு.”

திட்டுக்கு வந்து சேரும்போது வெயில் இல்லாத வானத்திலும் நேரம் தெரிந்தது. உச்சி நெருங்கிவிட்டது. குழிக்குள் இறங்கி, அழுகின முட்டை நாற்றத்தில் மூக்கை மூடாமல், சேற்றை வாரி எறிந்து, வலைகளை ஒவ்வொன்றாக உருட்டிக் கரையேற்றினாள். நாலு வலையை மரத்தில் ஏற்றினதும் மரம் வெள்ள மட்டத்துக்குத் தாழ்ந்தது. அப்போதுதான் தெற்கே ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்டது. பொழி வெட்டிவிட்டார்கள்.

வெள்ளம் இறங்குவது முதலில் கண்ணுக்குத் தெரியாது. கண்டல் வேர்களில்தான் தெரியும். நனைந்த கறுப்பு ஒரு விரல், நாலு விரல், ஒரு சாண் என்று கூடிக்கொண்டே போனது. சொர்ணம்மாள் மரத்தைத் தள்ளினாள். ஓடை வாயில் வந்ததும் அது சேற்றில் உட்கார்ந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். துடுப்பை அடியில் கொடுத்து நெம்பினாள். பலகை சேற்றுக்குள் போய், இழுத்தபோது படக்கென்று முறிந்தது. திட்டின் ஓரத்தில் கிடந்த ஐந்து வலைகளில் ஒன்றை அதற்குள் இழுப்பு பிடித்துக்கொண்டது. அது உருண்டு, மிதந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாதம் வாய் வலிக்கச் சொன்னாளே! பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்தாளே! அளவு சொன்ன நாலு சொல், கேட்டானா அந்தப் பாவி?

தூரத்தில் காயல் கரையில் குமாரதாஸ் துண்டை வீசிக் கத்திக்கொண்டிருந்தான். “பின்னால தள்ளூ! பின்னால தள்ளிப் பாரூ!”

சொர்ணம்மாள் மரத்தைப் பார்த்தாள். நடுத்தடி இரண்டும் கனம், நீளம். ஓரத்தடி இரண்டும் மெலிசு, ஏழு முழந்தான் இருக்கும், ஒரு ஆள் இழுக்கலாம். மேலே இருந்த நாலு வலையையும் சேற்றில் உருட்டித் தள்ளினாள். பிறகு குனிந்து முன்கட்டில் கை வைத்தாள்.

கரையில் கத்தல் நின்றது. பிறகு வேறு மாதிரி கேட்டது. “ஏட்டி! கட்டுல கை வைக்காத! ஏட்டி சொர்ணம்! நான் உயிரோட நிக்கேன்!”

நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. அவள் திரித்த கயிறு, அவளுக்கே வழிவிடவில்லை. பல்லால் கடித்து நெகிழ்த்தினாள். முன்கட்டு அவிழ்ந்தது. பின்கட்டுக்குப் போனாள்.

“பொன்னண்ணா, பாரு, அவுக்கா! எனக்க பொண்டாட்டி என்னைச் சாவடிச்சிட்டா!”

அவள் நிமிர்ந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். காயல் முழுவதும் கேட்டது. “நீரு உயிரோட இருந்து எனக்கு என்ன செய்தீரு!”

பின்கட்டும் அவிழ்ந்தது. நடுத்தடிகள் சேற்றில் செத்துக் கிடந்தன. ஓரத்தடி இரண்டையும் சேர்த்து, அதே கயிற்றால் இறுகக் கட்டினாள். அதன்மேல் ஒரு முழங்காலை வைத்து, மறுகாலால் சேற்றை உதைத்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு சாண் வெள்ளம், விரலளவு வெள்ளம், வெறும் சேறு, எதுவானாலும் போயிற்று. வலைகளைக் கயிற்றில் கோத்துப் பின்னால் இழுத்தாள். முதல் நடையில் இரண்டு. திரும்பி வந்தபோது இன்னும் ஒரு வலையை இழுப்பு கொண்டுபோயிருந்தது. இரண்டாம் நடையில் இரண்டு. மூன்றாம் நடைக்கு அவள் வருமுன் பொழியின் இழுப்பு திட்டின் ஓரத்தையே கரைத்துவிட்டது. ஒரே ஒரு வலை கண்டல் வேரில் மாட்டிக் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள். ஒன்பதில் ஐந்து. நாலு கடலுக்குப் போயிற்று. அந்த நாலு, வீட்டில் நாலைந்து மாதக் கஞ்சி.

அந்தி சாய்வதற்கு முன் கரையேறினாள். தலை முதல் கால் வரை சேறு, கண் மட்டும் வெள்ளை. முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. அப்போதுதான் தன் குழியை முடித்திருந்த ராகேல் ஓடிவந்து ஒரு வலையின் நுனியைப் பிடித்தாள். பொன்னுலிங்கம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “போனது போவட்டும் சொர்ணம், ஆளு வந்து சேந்தியே. இருந்தாலும் கட்டு அவுத்தது கொள்ளாத காரியம். நாலு பேரு பாத்தாச்சு. எதாவது பரிகாரம்...” என்று தொடங்கினான்.

“அத்தான், அந்த நடுத்தடி ரெண்டும் அங்கதான் கெடக்கு. ஆழக்கடலுக்குப் போயி வந்த தடி. உங்களுக்கு வேணும்னா போயி எடுத்துக்கிடுங்க.”

பொன்னுலிங்கம் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

குமாரதாஸ் ஒரு தென்னங்கட்டையில் உட்கார்ந்திருந்தான். முகம் அழுது வீங்கியிருந்தது. சொர்ணம்மாள் இரண்டு தடியையும் அவன் காலடி வரைக்கும் இழுத்து வந்து போட்டாள். மிச்சமிருந்த கயிற்றை அவன் மடியில் எறிந்தாள்.

“கட்டும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“நான் கட்டினது ஆடுது. உமக்குத்தான் கட்டு தெரியும்லா? குளச்சல்ல படிச்சிட்டு வந்தீரே. மொதல்ல அளவெடும்.” சேறும் ரத்தமுமான காலைத் தூக்கித் தடியின் மேல் வைத்தாள். “எனக்க காலு. எனக்க முட்டு. இது பதியற அளவுக்கு இடையில கட்டை வச்சுக் கட்டணும். பெறவு எந்திரிச்சு எனக்க கை ஒசரத்தை அளந்து ஒரு கோலு வெட்டணும். அடியில கவை.”

குமாரதாஸ் சுற்றிலும் பார்த்தான். அண்ணன் நின்றான். ராகேல் நின்றாள். கதம்பை ஏற்றிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பெறவு பாப்போம் சொர்ணம். வீட்டுல போயி...”

“இங்கதான். எல்லாரும் பாக்கட்டும். அளவெடும்.”

அவள் காலை எடுக்கவில்லை. பிறகு அவன் கோணிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டையிலிருந்து மெல்ல இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தான். கயிற்றை எடுத்து அவள் குதிகாலில் வைத்துப் பெருவிரல் வரை நீட்டி, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான்.